ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 தலைவர்களுக்கு, ரைன் பாலத்திலிருந்து ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய மன்றத்தில் கூடும் நாட்டுத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுவதால் பதில் வராது என்று தெரியும். ஒன்றியத்துக்கு 24 ஆட்சிமொழிகள். அவற்றில் எதில் ஒரு குடிமகன் எழுதினாலும் ஒன்றியத்தின் நிறுவனங்கள் அதே மொழியில் பதில் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மால்ட்டா மொழியில் எழுதலாம், ஐரிஷில் எழுதலாம். தமிழுக்கு அந்த வசதி இல்லை. பரவாயில்லை. பிரெஞ்சில் எழுத உட்கார்ந்தால் எனக்கு அது மனு மாதிரி வந்துவிடுகிறது. முப்பது வருடமாக மனு எழுதியே பழகிய கை. மனதில் கிடப்பதைச் சொல்ல இந்த மொழிதான் தோது.

நான் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கிறேன். வேலை ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஜேர்மனியின் கேல் நகரில், ஒரு மரக்கறிக் கிடங்கில். விடிய முதல் டி தடத்து ட்ராமில் ஏறினால் ரைன் பாலத்தைக் கடக்க இரண்டு நிமிடம்கூடப் பிடிக்காது. மகள் அனுப்பிய செய்தியை வாசித்து முடிப்பதற்குள் நாடு மாறிவிடும். பின்னேரம் கூட்டம் அந்தப் பக்கம் போகிறது. சிகரெட் அங்கே மலிவு. அதனால் கேலில் இறங்கும் இடத்தைச் சுற்றிப் புகையிலைக் கடைகள், கோயில் வாசலில் தேங்காய்க் கடை இருப்பதுபோல வரிசையாக இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் சிகரெட்டோடு சவர்க்காரமும் சம்பூவும் பிள்ளைக்கு நாப்பியும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். ஒரே காசு, இரண்டு வரி. சனம் கணக்குப் பார்த்து ஆற்றைக் கடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் என்றால் என்ன என்று ஊரிலிருந்து யாராவது கேட்டால் நான் இந்த ட்ராமைத்தான் சொல்வேன்.

இதே ஆற்றை நான் முதலில் கடந்தது 1991இல். பனிக்காலம். ஒரு வானின் பின்புறத்தில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் நாங்கள் நாலு பேர். என்ன ஆறு, எந்த ஊர் ஒன்றும் தெரியாது. வானின் சில்லுச் சத்தம் திடீரென்று மாறியது. பாலம் ஒன்றில் ஓடுகிறோம் என்று மட்டும் விளங்கியது. பக்கத்தில் இருந்தவர் முருகா என்றார். சத்தம் பழையபடி ஆனதும் வான்காரர் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினார். அதுதான் பிரான்ஸ்.

நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கும் ஷெங்கன் உடன்படிக்கை 1985இலேயே கையெழுத்தாகிவிட்டது. லக்சம்பேர்க்கில் மொசெல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில், ஐந்து நாடுகள். ஆனால் எல்லைக் காவல் உண்மையில் நீக்கப்பட்டது 1995 மார்ச்சில். அப்புறம் 2002இல் யூரோத் தாள் கைக்கு வந்தது. 2017 ஏப்ரலில் ட்ராம் ஆற்றைத் தாண்டிக் கேல் புகையிரத நிலையம் வரை போனது. முதல் கிழமையே ஏறினேன். வேலை அப்போது ஸ்ட்ராஸ்பூர்க்கில்தான். அந்தப் பக்கம் எனக்கு ஒரு அலுவலும் இல்லை. சும்மா போய், ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்தேன்.

2020 மார்ச் 16 காலை அந்த எல்லை மறுபடி முளைத்தது. ட்ராம் ஆற்றுக்கு இந்தப் பக்கமே நின்று திரும்பியது. நடைபாலத்தை அடைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் தாள் காட்டிப் போகலாம். உறவுக்காரரைப் பார்க்கப் போக வழியில்லை. அதே நாட்களில் ஸ்ட்ராஸ்பூர்க்கைச் சுற்றிய எங்கள் அல்சாஸ் பகுதி மருத்துவமனைகளில் கட்டில் இல்லாமல், பிரெஞ்சு நோயாளிகளை ஜேர்மனியின் ஃபிரைபேர்க், ஹைடெல்பேர்க் மருத்துவமனைகள் ஏற்றுக்கொண்டன. மூச்சுத் திணறுகிறவரை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த ஒரு மாதத்தில் உங்கள் ஒன்றியத்தின் இரண்டு முகத்தையும் ஒரே பாலத்தில் பார்த்தேன். எல்லையை மூடியவர்கள் தலைநகரங்களில் இருந்தவர்கள். கட்டில் கொடுத்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்.

அந்த எல்லை ஜூன் நடுவில் திறந்தது. ஆனால் 2024 செப்டம்பர் 16 முதல் ஜேர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்தது. ஆறு மாதம் என்றார்கள். பிறகு நீட்டினார்கள், மறுபடி நீட்டினார்கள். பிரான்சை மட்டும் விடுவானேன்? 2015 நவம்பரிலிருந்து அதுவும் 'தற்காலிகமாக' என்று சொல்லித் தவணை தவணையாகப் புதுப்பித்துக்கொண்டே வருகிறது. ஒருநாள் காலை சீருடைக்காரர் இருவர் ட்ராமில் ஏறினார்கள். பெட்டியில் ஏழு எட்டுப் பேர் இருந்திருப்போம். மரியாதையாகத்தான் கேட்டார்கள். யாரிடம் கேட்டார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனைகளை வைக்கச் சொன்னது, ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரசெல்ஸ் அல்ல. நீங்கள்தான். அங்கேதான் என் முறைப்பாடு தொடங்குகிறது.

ஒன்றியம் நெருக்கடியில் இருக்கிறது என்று நான் இங்கே வந்த நாளிலிருந்து கேட்கிறேன். கடன் நெருக்கடி, அகதி நெருக்கடி, பிரெக்ஸிட், கொரோனா, யுக்ரேன் போர். இவை எல்லாம் அடிகள்தான். இதைவிடப் பெரிய வியாதி என்று நான் நினைப்பது உங்கள் பழக்கம் ஒன்றை: இரவில் பிரசெல்ஸில் கையெழுத்துப் போடுகிறீர்கள், காலையில் ஊருக்குப் போய், பிரசெல்ஸ் இப்படிச் செய்துவிட்டது என்கிறீர்கள்.

பிரசெல்ஸ் என்று அங்கே தனியாக யார் இருக்கிறார்கள்? ஒன்றியத்தின் நிர்வாகத்தை நடத்தும் ஐரோப்பிய ஆணையம் சட்டத்தை முன்மொழியலாம். நிறைவேற்ற உங்கள் அமைச்சர்கள் கூடும் அவையும் நாங்கள் வாக்களித்து அனுப்பும் நாடாளுமன்றமும் வேண்டும். ஒன்றியத்தின் வரவுசெலவு உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. அதையும் நிர்ணயிப்பது நீங்கள். பெரிய விஷயங்கள் எல்லாம் உங்கள் 27 பேர் கூட்டத்துக்கு வருகின்றன. கதவை அடைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். வெளியே வருவது 'முடிவுரைகள்' என்ற தாள். யார் எதற்கு இழுத்தார்கள், யார் எதற்கு விட்டுக்கொடுத்தார்கள் என்று அதில் ஒரு வரி இருக்காது. ஆகவே வீட்டில் எந்தக் கதையும் சொல்லலாம்.

வெள்ளரிக்காய்க் கதையைச் சொல்கிறேன். அது என் தொழில். வளைந்த வெள்ளரிக்காயைத் தடை செய்த பைத்தியக்கார பிரசெல்ஸ் என்று ஐரோப்பா முழுக்க ஒரு பகிடி உண்டு. 1988இல் வந்த விதி அது. உயர்தரம் என்று விற்க வேண்டுமானால் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு பத்து மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருக்கக் கூடாது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். கிடங்கில் நிற்பவனுக்குச் சிரிப்பு வராது. நேரான காய் என்றால் ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு எண்ணலாம். அடுக்கினால் அசையாது. வளைந்தது என்றால் ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்துத்தான் விலை பேச வேண்டும். வியாபாரிகளுக்கு வேண்டிய விதி அது. சரி, அதை எடுத்துவிடலாம் என்று 2008இல் ஆணையமே சொன்னது. அப்போது வேண்டாம், இருக்கட்டும் என்று நின்றவை உங்கள் அரசுகளில் பாதிக்கும் மேல்! 2009இல் விதி ஒருவழியாகப் போய்விட்டது. பகிடி மட்டும் இன்னும் போகவில்லை. அதை நிறுத்த உங்களில் ஒருவரும் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை. வசதியான பகிடி.

இப்படி முப்பது, நாற்பது வருடம் கதை கேட்ட சனம் ஒருநாள் அதை நம்பிவிடும். பிரித்தானியாவில் 2016 ஜூன் 23 அன்று நடந்தது அதுதான். பல வருடம் பிரசெல்ஸைக் குறை சொல்லியே அரசியல் செய்த கட்சியின் பிரதமர் டேவிட் கமரூன், கடைசியில் சில மாதம் மட்டும் ஊர் ஊராகப் போய் 'இருந்துவிடுவோம்' என்று கேட்டார். 51.9 வீதம் போவோம் என்றது. லண்டனில் இருக்கும் என் தங்கச்சியின் குடும்பம் ஒன்றியத்துக்கு வெளியே போய்விட்டது. அதற்குப் பிறகு கோடை விடுமுறைக்கு வந்தபோது பிள்ளைகளின் கடவுச்சீட்டில் முத்திரை விழுந்தது.

அதற்கு முன்பே, கடன் நெருக்கடியில் சிக்கிய கிரேக்கம் இதை உங்களுக்குக் காட்டியிருக்க வேண்டும். என்னோடு கிடங்கில் வேலை செய்யும் ஒருவருக்குத் தெசலோனிக்கி. 2015 ஜூலையில் அவருடைய தாய் தினமும் வங்கி இயந்திரத்துக்கு முன்னால் வரிசையில் நின்றார். ஒரு அட்டைக்கு ஒரு நாளைக்கு 60 யூரோ. சில நாள் அறுபது கேட்டால் ஐம்பதுதான் வரும். இருபது யூரோத் தாள் தீர்ந்துபோய்விடும். அந்த ஜூலை 5 அன்று கிரேக்கச் சனம், கடன் கொடுத்தவர்களின் நிபந்தனை வேண்டாம் என்று 61 வீதம் வாக்களித்தது. எட்டு நாள் கழித்து, விடிய விடிய நடந்த கூட்டத்தில், வேண்டாம் என்றதைவிடக் கடுமையானதற்கு அவர்களுடைய பிரதமர் தலையாட்டிவிட்டு வந்தார்.

கிரேக்க அரசு கணக்கில் பொய் சொன்னது உண்மை. அதை மூடி மறைக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் மாஸ்ட்ரிக்ட்டில் 1992இல் பொதுக் காசு ஒன்றுக்குக் கையெழுத்திட்டபோது பொதுக் கருவூலம் இல்லாமல் அது எப்படி ஓடும் என்று எச்சரித்தவர்கள் இருந்தார்கள். பிறகு பார்ப்போம் என்று விட்டீர்கள். அரசின் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 வீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி போட்டு, 2003இல் ஜேர்மனியும் பிரான்சும் தாண்டியபோது தண்டனையை நிறுத்திவைத்தீர்கள். சின்ன நாடான கிரேக்கம் தாண்டியபோது உலகமே பார்க்கத் தோலை உரித்தீர்கள். மீட்புக்கென்று கொடுத்த காசில் பெரும்பகுதி பழைய கடன்காரரிடமே திரும்பிப் போனது. அவர்களில் பிரெஞ்சு, ஜேர்மன் வங்கிகளும் உண்டு. இதைப் பாரிசிலோ பேர்லினிலோ யாராவது மேடையேறிச் சொல்லியிருந்தால், 'எங்கள் வரிக்காசில் கிரேக்கன் வெயில் காய்கிறான்' என்ற பேச்சு கிடங்கின் தேநீர் அறை வரை வந்திராது. என் சகவேலையாள் அதைக் கேட்டுக்கொண்டே பாணைச் சாப்பிட்டார்.

எங்கள் ஆட்கள் வெளிநாட்டில் சீட்டுப் பிடிப்பார்கள். இருபது பேர், மாதம் ஆளுக்கு ஐந்நூறு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தக் காசையும் எடுப்பார். எழுத்தில் ஒன்றும் இல்லை. முதல் மாதம் எடுத்தவன் மிச்சம் பத்தொன்பது மாதமும் கட்டுவான் என்ற நம்பிக்கைதான் முதல். 2020 ஜூலையில் நாலு பகல் நாலு இரவு உட்கார்ந்து 750 பில்லியன் யூரோவை எல்லோர் பேரிலும் கடனெடுக்க ஒத்துக்கொண்டீர்களே, அன்றைக்கு நான் மனைவியிடம் சொன்னேன், இவர்களும் கடைசியில் சீட்டுப் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று. சந்தோஷமாகத்தான் சொன்னேன். கிரேக்கத்துக்குப் பத்து வருடம் முன்பு முடியாது என்றதை இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் சேர்த்துச் செய்தீர்கள். ஆனால் சீட்டை எடுத்தாயிற்று, கட்டுவது எங்கிருந்து? 2028 தொடங்கி 2058க்குள் அடைக்க வேண்டும். அதற்கென்று புதிய பொது வருமானம் தேடுவதாகச் சொன்னீர்கள். பிளாஸ்டிக் கழிவுக்கான ஒரு பங்கைத் தவிரப் பெரிதாக எதுவும் கூடிவரவில்லை. கேட்டால், ஆணையம் யோசனை வைத்திருக்கிறது என்பீர்கள். யோசனை அவர்களுடையது, கைகள் உங்களுடையவை.

இனி அந்த 'ஒருவர் மறுத்தால் ஒன்றும் நடக்காது' என்ற விஷயம். வெளியுறவு, வரி, புதிய உறுப்பினர் எல்லாவற்றுக்கும் 27 பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். வடக்கு மசிடோனியாவைப் பாருங்கள். 2005இலேயே ஒன்றியத்தில் சேர வேட்பாளர் நாடு. பெயர் பிடிக்கவில்லை என்று கிரேக்கம் மறித்தது. சரி என்று 2019இல் நாட்டின் பெயரையே மாற்றினார்கள். ஒரு நாடு தன் பெயரை மாற்றுவது என்றால் சும்மாவா! அதே வருடம் பிரான்ஸ் நிறுத்தியது. அடுத்த வருடம் பல்கேரியா, உங்கள் மொழியும் வரலாறும் எங்களுடையது என்று நின்றது. 2022இல் பேச்சு தொடங்கிவிட்டது என்று படம் எடுத்துக்கொண்டார்கள். கூடவே, முதலில் அரசியலமைப்பைத் திருத்து என்று இன்னொரு நிபந்தனை. விசாவுக்கு அலைந்தவனுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஒரு தாளைக் கொண்டு போனால் அடுத்த தாளைக் கேட்பார்கள்.

2023 டிசம்பர் 14இல் நடந்ததை எங்கள் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது? யுக்ரேனோடு உறுப்புரிமைப் பேச்சு தொடங்க வேண்டும். அப்போதைய ஹங்கேரிப் பிரதமர் விக்டர் ஓர்பான் ஒத்துக்கொள்ளமாட்டார். ஆனால் மறிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் வெளியே போங்களேன் என்று ஜேர்மன் சான்சலர் சொல்ல, அவர் எழுந்து போனார். மிச்சம் 26 பேர் முடிவெடுத்தார்கள். ஒரு கோப்பி நேரத்தில் ஒரு நாட்டின் தலைவிதி! திரும்பி வந்தவர் அதே இரவில் யுக்ரேனுக்கான 50 பில்லியன் யூரோ உதவியை மறித்தார்; அது பெப்ரவரி வரை இழுபட்டது.

போலந்து லித்துவேனியா என்று முன்பு ஒரு பெரிய கூட்டரசு இருந்தது. பல மொழி, பல சமயம். அதன் நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து 'அனுமதிக்கமாட்டேன்' என்றால் கூட்டமே கலைந்துவிடும். 1652இலிருந்து இந்த வழக்கம் பிடித்தது. அண்டை அரசுகள் ஒருவரை விலைக்கு வாங்கினால் போதும் என்றாயிற்று. 1795இல் அந்த நாடு வரைபடத்திலேயே இல்லை. அது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் மேசையில் இருக்கும் போலந்தும் லித்துவேனியாவும் இதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் பெரும்பான்மைக்கு விடு என்கிறாயா என்று கேட்கலாம். அதை அவ்வளவு இலகுவாக என் வாய் சொல்லாது. 1956இல் எங்கள் நாடான இலங்கையின் நாடாளுமன்றத்தில் தலையெண்ணித்தான் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்று சட்டம் ஆக்கினார்கள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அந்தக் கணக்கின் வால் பிடித்துக்கொண்டு வந்துதான் முப்பத்தைந்து வருடம் கழித்து உருளைக்கிழங்கு மூட்டைக்கு நடுவில் நான் இருந்தேன். ஆகவே மால்ட்டாவுக்கும் லக்சம்பேர்க்குக்கும் வயிற்றில் இருக்கும் பயத்தை நான் பகிடி பண்ணமாட்டேன்.

ஆனால் உங்களிடம் இருக்கும் மற்ற முறை வெறும் தலையெண்ணல் அல்ல. 27இல் 15 நாடு சேர வேண்டும். அந்த நாடுகளில் ஒன்றியத்தின் சனத்தொகையில் 65 வீதமாவது இருக்க வேண்டும். மறிக்கவும் குறைந்தது நாலு நாடு கைகோக்க வேண்டும். பெரியவனும் தனியாக ஏறி மிதிக்க முடியாது, சின்னவனும் தனியாக எல்லோரையும் பணயம் வைக்க முடியாது. எங்களுக்கு 1956இல் இப்படி ஒரு கணக்கு இருந்திருந்தால் என்று யோசித்திருக்கிறேன். மற்ற நாடுகள்மீது போடும் தடைகள், வெளியுறவு அறிக்கைகள் இவற்றையாவது இந்த முறைக்கு மாற்ற, ஒன்றியம் இன்று இயங்கும் லிஸ்பன் ஒப்பந்தத்திலேயே வழி உண்டு. புதிய ஒப்பந்தம் தேவையில்லை. ஆனால் அந்த வழியைத் திறக்க 27 பேரும் சம்மதிக்க வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவர்களும் நீங்கள்தான்.

கடலைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன், கை ஓடாது. 2013 ஒக்டோபர் 3 அன்று இத்தாலியின் லம்பெடூசா தீவு அருகே, ஐரோப்பாவுக்கு வந்த அகதிகள் 360க்கும் மேற்பட்டோர் மூழ்கினார்கள். சவப்பெட்டிகளுக்கு முன்னால் உங்கள் பெரியவர்கள் வந்து நின்றார்கள். இத்தாலி தன் கடற்படையை அனுப்பி ஒரு வருடம் ஆட்களைக் காப்பாற்றியது. செலவைப் பங்கிட மற்றவர்கள் முன்வரவில்லை. அந்த வேலை நின்றது.

நான் கேட்பது சின்ன விஷயம். ஒப்பந்தம் திருத்த வேண்டாம், பொதுவாக்கெடுப்பு வேண்டாம். அடுத்த உச்சிமாநாடு முடிந்து நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் நாட்டுக் கொடிக்கு முன்னால் நின்று உங்கள் மொழியில் பேசுவீர்கள் அல்லவா, அப்போது 'நான்' என்று தொடங்குங்கள். நான் இதற்குச் சம்மதித்தேன், இதற்காக. நான் இதை மறித்தேன், இதற்காக. இது என் நாட்டுக்கு நட்டம்தான், இருந்தும் கை தூக்கினேன். இவ்வளவுதான். கோயில் நிர்வாகசபைக் கூட்டத்திலேயே நாங்கள் யார் என்ன சொன்னார் என்று கொப்பியில் எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசித்துக் கையெழுத்து வாங்குகிறோம். எங்கள் கூட்டங்களும் நாலு மணித்தியாலத்துக்குக் குறைந்து முடிவதில்லை, கதிரை உடைந்ததும் உண்டு.

உங்கள் கூட்டம் வழக்கம்போல விடியப்புறம்தான் முடியும். நீங்கள் ஒலிவாங்கிக்கு முன்னால் வரும் நேரம் எனக்கு வேலைக்குப் போகும் நேரம். ட்ராமில் கேட்டுக்கொண்டே போவேன். பாலத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கிறது. சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டி தடத்தில் தினமும் போய்வரும் ஒருவன்,
ஸ்ட்ராஸ்பூர்க்.

பி.கு.: வளைந்த வெள்ளரிக்காய் இப்போதும் எங்கள் கிடங்குக்கு வருவதில்லை. விதி போய்ப் பல வருடம் ஆயிற்று. பெரிய கடைக்காரர்கள் நேரானதைத்தான் கேட்கிறார்கள்.